முதுகு காட்டி நின்ற நிழல்

கொத்தளப்பட்டில் குழந்தை பிறந்தால் முதலில் உயரம் அளப்பார்கள், பிறகுதான் பெயர் வைப்பார்கள் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் எங்களைக் கேலி பேசுவார்கள், அதில் பொய்யும் அதிகமில்லை. வேலூரிலிருந்து ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வந்தால் கரும்பு முடிந்து பாறை தொடங்குகிற இடத்தில் இருக்கிற எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு பச்சை டிரங்குப் பெட்டி உண்டு, பெட்டியின் மேல் வெள்ளை எழுத்தில் ஒரு நம்பர் உண்டு, பெட்டியோடு திரும்பி வந்தவனும் உண்டு, பெட்டி மட்டும் திரும்பி வந்த வீடும் உண்டு. மற்ற ஊரில் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் நாங்கள் இடது வலது சொல்லிக்கொடுத்துவிடுவோம். அவனவன் வாங்கிய மெடலை அவனவன் இடது மார்பில் குத்திக்கொள்ள வேண்டும், செத்தவனுடைய மெடலை அவன் வீட்டார் வலது மார்பில் குத்திக்கொள்ள வேண்டும். ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி கொடியேற்றத்துக்கு வருகிற பெண்கள் முந்தானைக்கு எதிர்ப்பக்கத்தில் புருஷன் மெடலைக் குத்திக்கொண்டு வருவார்கள், நாலு வயசுப் பிள்ளைகூட தூரத்திலிருந்தே பார்த்து, இது இருக்கிறவனுடையது, இது போனவனுடையது என்று சொல்லிவிடும்.

இப்படிப்பட்ட ஊர்தான் பதினோரு வருஷம் ஏமாந்தது.

லான்ஸ் நாயக் தயாளன் வடக்கே பனிமலையில் காவலுக்குப் போனவன். நான்கு பேர் ஒரே கயிற்றில் இடுப்பைக் கட்டிக்கொண்டு நடந்தபோது பனி பிளந்து பின்னால் வந்த இருவர் உள்ளே விழுந்து தொங்கினார்கள், அந்தக் கனத்தில் மேலே இருந்த இருவரும் விளிம்பை நோக்கி வழுக்கிக்கொண்டு வந்தார்கள், எல்லாருக்கும் அடியில் தொங்கிய தயாளன் கத்தியை எடுத்துத் தன் கயிற்றைத் தானே அறுத்துக்கொண்டு மற்ற மூவரையும் காப்பாற்றினான் என்று தில்லியில் பெரிய மண்டபத்தில் வாசித்தார்கள். உடல் கிடைக்கவில்லை. சிதையில் அவனுடைய யூனிஃபாரத்தையும் பழைய பூட்ஸையும் வைத்துக் கொளுத்தினோம், பூட்ஸ் எரிய நேரம் பிடித்தது, ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதது.

அவன் மனைவி அமுலுவுக்கு அப்போது இருபத்தொன்பது வயசு, பிள்ளை இல்லை. தில்லிக்குப் போய் மெடலை வாங்கிக்கொண்டு காட்பாடியில் ரயிலிறங்கி வந்தவளை ஊர் எல்லையிலேயே நிறுத்தி மேளம் கொட்டி அழைத்து வந்தோம். முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தின் தலைவர் சுபேதார் எத்திராஜுலு, கார்கில் பக்கமெல்லாம் பார்த்தவர், அவரே தன் கையால் வீட்டுக் கூடத்துச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மெடலை அதன் நாடாவோடு மாட்டினார். மாட்டிய உடனே சுவரில் ஒரு ஆளின் நிழல் விழுந்தது. மெடலுக்கும் வாசலுக்கும் நடுவில் யாரும் நிற்கவில்லை. நிழல் தலையிலிருந்து கால் வரை முழுசாக, மெடல் அதன் மார்பில் சரியாக உட்கார்ந்திருக்க, கணுக்கால் தரையைத் தொட நின்றது.

"தயாளு வந்துட்டாம்பா, யாராவது காபி போடுங்க," என்றார் தபால்காரர் கோதண்டம். போட்டார்கள். உடம்புதான் வரவில்லை, நிழலாவது வந்ததே என்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூட்டை கட்டியிருந்த லட்டைப் பிரித்தார்கள்.

பிரச்சினை அதற்குப் பிறகுதான் வந்தது. நிழலுக்கு முகம் ஏது, முதுகு ஏது? ஆனால் மெடல், பார்க்கிற எங்களுக்கு இடது கைப் பக்கமாக இருந்தது. சுபேதார் எத்திராஜுலு தலையைச் சாய்த்துப் பார்த்தார், பிறகு தானே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று தன் இடது மார்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வாங்கியவன் மெடல் இடது மார்பில்தான் இருக்கும், அப்படியானால் தயாளன் எங்களுக்கு முதுகைக் காட்டி நிற்கிறான் என்று கணக்குச் சரியாகிவிட்டது.

"புறமுதுகா?" என்று கோதண்டம் மெதுவாகக் கேட்டார்.

"யோவ், எதிரிக்கு முதுகு காட்டுனாத்தான்யா அசிங்கம்," என்றார் சுபேதார். "ஊருக்கு முதுகு காட்டுனா அதுக்குப் பேரு காவல். அவன் இன்னும் எல்லையைப் பாத்துக்கினு நிக்கறான். சல்யூட் அடிங்கடா."

அடித்தோம். அன்றிலிருந்து அடித்துக்கொண்டே இருந்தோம். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற நாளில் ஓடப் போகிற பையன்கள் விடியற்காலையில் வந்து நிழலின் காலடியைத் தொட்டுவிட்டுப் போனார்கள்; மக்கள்தொகைக் கணக்கு எடுக்க வந்த வாத்தியார் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டு, இரண்டு என்று எழுதி, யோசித்து, அழித்து, ஒன்று என்று எழுதிக்கொண்டு போனார்; பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்தவன் நிழலைச் சுற்றி அடிக்கப் பார்த்து, முடியாமல் அதன் மேலேயே அடிக்க, நிழல் ஈரச் சுண்ணாம்பின் மேல் ஏறி நின்றுகொண்டது. வெயில் ஏறினாலும் சாய்ந்தாலும் அது நீளவும் இல்லை, குறுகவும் இல்லை. அதன் ஒரு முழங்கை மட்டும் வெளிப்பக்கமாகக் கோணிக்கொண்டு நின்றது, துப்பாக்கியைத் தாங்கி நிற்கிறான் என்று அதற்கும் சுபேதார் காரணம் சொன்னார். மூன்றாம் வருஷம் பஸ் நிறுத்தத்தில் தயாளனுக்குச் சிலை வைத்தோம். சிற்பி மூன்று தடவை கேட்டுக்கொண்டுதான் அதை ரோட்டுக்கு முதுகு காட்டி வடக்கே பார்க்க வைத்தான். மாலை போட ஏணி வைத்துப் பின்பக்கமாக ஏற வேண்டியிருந்தது. பஸ் கண்டக்டர்கள் எங்கள் நிறுத்தத்துக்கு முதுகுச் சிலை என்றே பெயர் வைத்துவிட்டார்கள், நாங்களும் கோபித்துக் கோபித்துப் பார்த்து, கடைசியில் அந்தப் பெயர் சொல்லியே டிக்கெட் வாங்கினோம்.

ஊருக்கு அது காவல். அமுலுவுக்கு அது தண்டனை.

அது ஏன் என்று அப்போது ஊரில் யாருக்கும் தெரியாது, பிற்பாடு அவளே சொல்லித்தான் தெரிந்தது. தயாளனுக்குப் பதினைந்து வருஷ சர்வீஸ் முடிந்திருந்தது, ஓய்வுக்குப் பேப்பர் போட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான், கடைசி லீவில் வந்தவன் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று கிளம்புகிற அன்றைக்கு முந்தின நாள்தான் சொன்னான். அமுலு சண்டை போடவில்லை. மறுநாள் காலை அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். அவன் அறை வாசலில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினான், எழுந்து நின்றான், "போயிட்டு வரேன் அமுலு" என்றான். அவள் திரும்பவில்லை, பதிலும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் பெண்கள் பஸ் நிறுத்தம் வரை போய் வழியனுப்புவது வழக்கம், அன்று அவன் தனியாகத்தான் போனான்.

முதுகு காட்டி அனுப்பினேன், முதுகு காட்டி வந்து நிற்கிறான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். தினமும் குளித்துவிட்டு வந்து நிழலின் முன்னால் நின்று, "திரும்பேன். ஒரு வாட்டி திரும்பேன்," என்பாள். தட்டில் சோறு போட்டு வைத்து ஆறும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். சில நாள் வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடி, சுவரின் அந்தப் பக்கத்துச் சந்துக்குப் போய் நிற்பாள். முதுகு இந்தப் பக்கம் என்றால் முகம் அந்தப் பக்கம் இருக்க வேண்டுமே. அந்தப் பக்கம் வரட்டி தட்டியிருந்தது. வரட்டிகளுக்கு நடுவில் கையை வைத்துக் காத்திருந்துவிட்டு வருவாள், எதிரில் வருகிறவர்கள் வரட்டி எடுக்கப் போனாளாக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அவளுக்கு இரண்டு சந்தேகங்கள் இருந்தன. தயாளன் அந்தக் கூடத்தில் நின்றால் தலை காலண்டர் ஆணியைத் தொடும், நிழல் ஒரு சாண் குறைவாக இருந்தது. அவனுடைய முழங்கையும் கோணல் இல்லை. ஆனால் குற்றம் செய்தவளுக்குச் சந்தேகப்பட என்ன உரிமை இருக்கிறது என்று அவற்றைத் தள்ளிவிட்டாள். கொடியேற்றத்துக்கு மெடலைக் குத்திக்கொண்டு வா என்று வருஷா வருஷம் சுபேதார் கூப்பிட்டார். ஆணியிலிருந்து எடுத்தால் நிழல் போய்விடுமோ என்று பயந்து அவள் ஒரு வருஷமும் போகவில்லை. முகம் காட்டாத புருஷனாக இருந்தாலும் சுவரில் இருக்கட்டும் என்றுதான் இருந்தாள். அவள் தலை இப்படியே நரைக்கத் தொடங்கியது.

நிழல் வந்த பிறகு வந்த பன்னிரண்டாவது சித்திரையில், உச்சி வெயிலில், வேலூர் பஸ்ஸிலிருந்து ஒரு ஆள் இறங்கினான். கையில் ஒரு பை, நாற்பது வயசு இருக்கும், கோணிய முழங்கை. சிலையின் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு டீக்கடையில் தயாளன் வீட்டுக்கு வழி கேட்டான். கடைக்காரர் கையை நீட்டி வழி காட்டும்போதுதான் கவனித்தார், நடு ரோட்டு வெயிலில் நிற்கிற அந்த ஆளுக்குக் காலடியில் நிழல் இல்லை. அவர் அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை, இந்த ஊரில் ஆள் இல்லாமல் நிழல் இருக்கும்போது வேறு ஊரில் நிழல் இல்லாமல் ஆள் இருப்பான்தானே. ஆனாலும் கடையை மூடிக்கொண்டு பின்னாலேயே வந்தார். வழியில் சுபேதார் சேர்ந்துகொண்டார், கோதண்டம் சேர்ந்துகொண்டார், வீட்டு வாசலுக்கு வந்தபோது முப்பது பேர் இருந்தோம்.

வந்தவன் வாசற்படியில் நின்று கை கூப்பினான்.

"மதினி, எம்பேரு ஆவுடையப்பன். தூத்துக்குடிப் பக்கம். அண்ணாச்சிக்கு மேல அதே கயித்துல தொங்குனவன்."

அமுலு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே வா என்றாள்.

அவன் கூடத்துக்குள் வந்து சுவரைப் பார்த்தான். நிழலையும் அவனையும் மாற்றி மாற்றிப் பார்த்த எங்களுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை; அதே உயரம், அதே தோள், அதே கோணல் முழங்கை.

"சின்ன வயசுல பனையிலேருந்து விழுந்தேன், அதான் கை இப்படி," என்றான் ஆவுடையப்பன். "என்னைய மேல தூக்கி வெள்ளப் பனியில போட்டாங்க. ஏந்திரிச்சு நின்னு பாத்தேன், எல்லார் நெழலும் கெடந்துச்சு, என் நெழல மட்டும் காணும். அண்ணாச்சியோட உள்ள விழுந்துட்டுன்னு நெனச்சேன். ஊருக்கு வந்து உப்பளத்துல வேலைக்குப் போனேன். வெள்ள உப்பு மேல நெழல் இல்லாம நடந்தா எத்தன நாள் மறைக்க முடியும்? பொண்டாட்டி புள்ளையத் தூக்கிட்டு அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. எவனோ போன்ல ஒரு படம் காட்டுனான், செவுத்துல ஒரு நெழலு சாமி மாரி நிக்கு பாருன்னு. பாத்தா என் முழங்கை."

சுபேதார் எத்திராஜுலு முன்னால் வந்தார்.

"அப்போ பதினோரு வருசமா நாங்க உனக்கா சல்யூட் அடிச்சிக்கினு இருந்தோம்?"

"தெரியலய்யா. அது அண்ணாச்சி மெடல்தான."

"மெடல் இடது மார்ல இருக்குதே. தயாளனுது இல்லாட்டி எப்பிடி இடது பக்கம் இருக்கும்? நீயே பாரு, அவன் அந்தாண்ட பாத்துக்கினு நிக்கறான்."

ஆவுடையப்பன் சுவரோடு முதுகை ஒட்டி, நிழலின் மேலேயே எங்களைப் பார்த்து நின்றுகொண்டான். தோளுக்குத் தோள், முழங்கைக்கு முழங்கை பொருந்தியது. ஆணியில் தொங்கிய மெடல் அவன் வலது மார்பில் உட்கார்ந்தது.

"அந்தப் பக்கம் பாக்கலய்யா. இந்தப் பக்கம்தான் பாத்துட்டு நிக்கேன். செத்தவங்க மெடலை வலது பக்கம்தான குத்தணும்? எனக்கு அவரு அண்ணன்தான."

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. நாலு வயசில் கற்றுக்கொண்டதை நாற்பது வயசிலும் எழுபது வயசிலும் முப்பது பேரும் கோட்டை விட்டிருந்தோம். இடது மார்பு என்று நாங்கள் முடிவு கட்டியது, தயாளன் இன்னும் செத்துப்போகவில்லை என்று எங்களுக்குள் ஒரு மூலையில் நம்பியதால்தான். சுபேதார் மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அமுலு மட்டும் நிழலின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருஷமாக அது அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

"எதுக்கு என்னைப் பாத்துக்கினு நின்னுது?" என்று கேட்டாள்.

"ஒரு சேதி இருக்கு மதினி. கயித்தை அறுக்கறதுக்கு முந்தி அண்ணாச்சி சொன்னது. போய் அவகிட்டச் சொல்லிருன்னாரு, சரின்னேன். அப்புறம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வருவேன்? அவரு அறுத்ததுனாலதான நான் இருக்கேன். நாளைக்குப் போவோம், அடுத்த மாசம் போவோம்னு இருந்துட்டேன். நெழலு எனக்கு முந்தி வந்துட்டு. அதுக்கு வாய் இல்ல, என்ன செய்யும்."

பதினோரு வருஷம் முகத்தைக் காட்டச் சொல்லிக் கெஞ்சிய அமுலு, முகம் வந்து பேசப்போகிறது என்றதும் பயந்துவிட்டாள். சாகப்போகிறவன் பதில் சொல்லாத மனைவிக்கு என்ன சொல்லி அனுப்பியிருப்பான் என்று தனக்குத் தெரியும் என்று நினைத்தாள்.

"சாப்பிட்டியா?" என்றாள்.

"இல்ல மதினி."

"மொதல்ல சாப்பிடு."

உள்ளே போய்த் தட்டைக் கழுவினாள், துடைத்தாள், மறுபடி கழுவினாள். சோறு போட்டாள், காராமணிக் குழம்பு ஊற்றினாள், அவன் போதும் என்றபோதும் போட்டாள். நாங்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்த பிறகு அவளுக்குத் தள்ளிப்போட வேறு எதுவும் இல்லை.

"சொல்லு," என்றாள்.

ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொண்டான். அவன் வாயிலிருந்து எங்கள் ஊர்ப் பேச்சு வந்தது. பதினோரு வருஷம் தினமும் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பாடமாகிப்போன பேச்சு.

"அமுலு கைல சொல்லிடுடா. நான் பூட்ஸு கட்டிக்கினு இருந்தப்போ அவ பீரோ கண்ணாடில என்னியத்தான் பாத்துக்கினு இருந்தா. நான் நிமிந்ததும் கண்ண மூடிக்கினா. மூடறதுக்கு முன்னாடியே நான் பாத்துட்டன். அவளுக்கு நடிக்க வராது, அதயும் சொல்லிடு."

அமுலு முதலில் சிரித்தாள். அவள் சிரித்து எங்கள் ஊரில் யாரும் பதினோரு வருஷமாகப் பார்த்ததில்லை, அது சிரிப்புதான் என்று புரியவே எங்களுக்கு நேரமானது, புரிகிற நேரத்தில் அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். கட்டில் போட்டிருந்த அறையில், அன்று அவள் திரும்பிப் படுத்திருந்த அதே சுவரோரம், ஆளுயரக் கண்ணாடி வைத்த பீரோ ஒன்று இருந்தது, சாவுச் செய்தி வந்த நாளிலிருந்து அவள் அதற்குப் பழைய புடவையைப் போட்டு மூடி வைத்திருந்தாள். அன்று கட்டிலில் படுத்துக்கொண்டு அந்தக் கண்ணாடியில் அவன் குனிந்த தலையை, பிடரியை, கயிறு கட்டும் விரல்களைக் கண் கொட்டாமல் அவள் பார்த்ததை இந்த உலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை. அவன் பார்த்துவிட்டிருக்கிறான். பார்த்துவிட்டு, பார்த்ததைச் சொல்லாமல், சிரிப்பை அடக்கிக்கொண்டு போயிருக்கிறான்.

கோதண்டம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போனார்.

அழுது முடித்த பிறகு அமுலு எழுந்து, சுவரருகில் போய், மெடலை ஆணியிலிருந்து எடுத்தாள். நிழல் கணுக்காலிலிருந்து கழன்று, தரையில் சரிந்து, பாயை இழுப்பதுபோல் மெதுவாக நகர்ந்து வந்து ஆவுடையப்பனின் காலடியில் சேர்ந்துகொண்டது. அவன் ஒரு காலைத் தூக்கி வைத்துப் பார்த்தான், அதுவும் தூக்கி வைத்தது. சுவரில் பதினோரு பொங்கலின் சுண்ணாம்பு மட்டும் வெள்ளையாக இருந்தது.

"மதினி, வெறிச்சுன்னு இருக்குமே," என்றான் அவன்.

"இருக்கட்டும். நீ போய் உன் புள்ளையக் கூட்டிக்கினு வா."

நான்கு மணி பஸ்ஸுக்கு அவன் கிளம்பினான். அமுலு உள்ளே போனாள், பீரோவின் மேலிருந்த பழைய புடவையை இழுத்துக் கீழே போட்டாள், வேறு புடவை கட்டிக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்து மெடலை வலது மார்பில் குத்திக்கொண்டு வெளியே வந்தாள். சுபேதார் எத்திராஜுலு அதைப் பார்த்ததும் எழுந்து விறைப்பாக நின்றார், ஆனால் கை மேலே போகவில்லை, வாய் கோணிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். தயாளன் செத்துப்போனது எங்கள் ஊரில் அன்றைக்குத்தான்.

சுபேதார் தெரு, ஹவில்தார் தெரு, டீக்கடை, எல்லாவற்றையும் தாண்டி அவள் ஆவுடையப்பனோடு பஸ் நிறுத்தம் வரை நடந்தாள். சாய்ந்த வெயிலில் இரண்டு நிழல்கள் நீளமாக முன்னால் போயின. சிலை ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அதை இன்றுவரை நாங்கள் திருப்பவில்லை, திருப்ப ஆகும் செலவைப் பற்றிச் சங்கத்தில் இன்னமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

பஸ் வந்தது. அவன் படியில் ஏறி நின்று திரும்பிப் பார்த்தான்.

"போயிட்டு வாரேன் மதினி."

அமுலு அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். பதினோரு வருஷமாக அவள் தொண்டையில் நின்றிருந்த பதில் அது, சொல்ல அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது, கண்டக்டர் விசில் அடிக்காமல் காத்திருந்தார்.

"போயிட்டு வா," என்றாள்.

பஸ் கரும்புத் தோட்டம் தாண்டித் திரும்பி மறையும் வரை கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.